அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி: வெட்டாமல் விடவும் தெரிந்த மருத்துவர்

குர்துபா நகருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஹிஜ்ரி 325-இல், அதாவது 936-ஆம் ஆண்டில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஒரு புதிய நகரத்துக்கு அடித்தளம் இட்டார். மதீனத்துஸ் ஸஹ்ரா என்பது அதன் பெயர். அரண்மனை, பள்ளிவாசல், தோட்டங்கள், அலுவலகங்கள், நாணயச் சாலை என்று அந்த நகரம் எழுந்து, முக்கால் நூற்றாண்டுகூட முழுதாக நிற்கவில்லை. உள்நாட்டுக் கலகத்தில் 1010-ஆம் ஆண்டு வாக்கில் சூறையாடப்பட்டு, மண்மேடாகிப் போனது. அந்த நகரத்தின் பெயரைத் தம் பெயரோடு சுமந்து இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறவர் கலீஃபா அல்லர், அமைச்சரும் அல்லர். ஒரு மருத்துவர். அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்-ஸஹ்ராவி.

அவருடைய முன்னோர் மதீனாவின் அன்சாரிகள். ஸ்பெயின் வெற்றிகொள்ளப்பட்ட பிறகு அங்கே குடியேறிய அரபுக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. இதற்கு மேல் அவருடைய சொந்த வாழ்வைப் பற்றி வரலாறு நமக்கு அதிகம் தரவில்லை. அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னால் வந்த இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்), அந்தலூஸின் சிறப்புகளைப் பட்டியலிட்ட இடத்தில், மருத்துவத்தில் சொல்லும் செயலும் சேர்ந்த நூல்களில் இவருடைய நூலைவிட நிறைவானது இல்லை என்ற கருத்தில் எழுதிச் சென்றார். இப்னு ஹஸ்மின் மாணவர் ஹுமைதி (ரஹ்), மார்க்கப்பற்றும் கல்வியும் உடையவர் என்று குறிப்பிட்டு, ஹிஜ்ரி 400-க்குப் பிறகு காலமானார் என்று பதிந்தார். ஒரு ஃபிக்ஹ் அறிஞரும் ஒரு ஹதீஸ் அறிஞரும் ஒரு மருத்துவரைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொள்ளாத காலம் அது.

மற்றபடி அவருடைய வாழ்க்கை வரலாறு என்பது அவருடைய நூல்தான். அத்தஸ்ரீஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நூல் 30 பகுதிகளைக் கொண்டது. தனியாக ஒரு நூலைத் தொகுத்துக்கொள்ள இயலாதவனுக்கு இது போதும் என்ற பொருளில் அதன் முழுப்பெயர் அமைந்திருக்கிறது. நோய்கள், கூட்டு மருந்துகள், களிம்புகள், உணவு என்று விரிந்துகொண்டே போய், கடைசியாக 30-ஆவது பகுதியில் அறுவை மருத்துவத்துக்கு வருகிறது. அதில் மூன்று பிரிவுகள்: சூடு போடுதல், வெட்டுதலும் தைத்தலும், எலும்பு முறிவு. ஏறக்குறைய 200 கருவிகளின் படங்களை அதில் வரைந்து காட்டினார். படிக்கிறவன் கொல்லனிடம் போய், இதைப் போல ஒன்று செய்து கொடு என்று கேட்கும்படி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். மாணவர்களை அவர் என் மக்களே என்றுதான் அழைக்கிறார். தந்தையின் கண்டிப்பும் கரிசனமும் அந்த நூல் முழுக்க உண்டு.

அறுவை மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் புகழ்ந்து எழுதுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவர் கண்டுபிடிக்காதது எதுவுமே இல்லை என்கிற அளவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அது தேவையில்லாத மிகை. கிரேக்க மருத்துவர்களிடமிருந்து, குறிப்பாக ஏஜினா தீவின் பவுலிடமிருந்து, அவர் எடுத்துக்கொண்டது ஏராளம். அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னோர் எழுதியதைத் தம் கையால் செய்து பார்த்து, எது நடக்கும், எது நடக்காது, எதில் கைவைத்தால் நோயாளி இறந்துபோவார் என்று நேர்மையாக எழுதி வைத்தார். வெட்டத் தெரிந்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. எங்கே வெட்டக்கூடாது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

இதை நாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கழுத்திலோ கன்னத்திலோ நாக்கின் அடியிலோ மெத்தென்ற வீக்கத்தோடு பிறக்கிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஓதிப் பார்க்கச் சொல்லி ஆலிம்களிடம் வரும் பெற்றோரை நாம் அவ்வப்போது காண்கிறோம். தாயின் முகத்தில் பயம் மட்டும் இருப்பதில்லை, குற்றவுணர்வும் இருக்கிறது. கர்ப்பத்தில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாள், கத்தியை எடுத்துக் காய் நறுக்கினாள் என்று குடும்பத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். ஒருபக்கம் பாட்டி சூடு போடச் சொல்வார். இன்னொருபக்கம், உடனே அறுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிற பெற்றோருக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸஹ்ராவி காட்டிய நிதானம் தேவைப்படுகிறது.

அவருடைய அறுவைப் பகுதி எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. தம் நாட்டில் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் அநேகமாக இல்லாமல் போய்விட்டார்கள், பழைய நூல்களில் எஞ்சியிருப்பதும் படியெடுத்தவர்களின் கையில் சிதைந்துவிட்டது என்று வருந்துகிறார். உடற்கூறு படிக்காதவன் கத்தியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாம் பார்த்த சம்பவங்களை அடுக்குகிறார். முதலில் வருவது ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டி. அறியாத வைத்தியன் ஒருவன் அந்தக் கட்டியைக் கீறப்போய், கழுத்தின் இரத்தக் குழாய்களையும் சேர்த்து அறுத்துவிட்டான். இரத்தம் நிற்காமல் ஓடி, அந்தப் பெண் அவன் கண்ணெதிரிலேயே விழுந்து இறந்துபோனாள். அடுத்து, முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையில் இருந்த பெரிய கல்லை எடுக்கப்போனவன் பையின் ஒரு துண்டையும் சேர்த்து இழுத்துவிட்டான். மூன்றே நாளில் அந்த மனிதர் மரணித்தார். எலும்பு முறிவுக்கு இறுக்கிக் கட்டிய கட்டால் கால் அழுகி இறந்தவரின் கதையும் வருகிறது.

இவற்றைச் சொல்லிவிட்டு அறுவைச் செயல்களை இரண்டாகப் பிரிக்கிறார். பெரும்பாலும் பத்திரமாக முடிபவை ஒன்று, பெரும்பாலும் ஆபத்தில் முடிபவை மற்றொன்று. இரண்டாவது வகை வரும் இடங்களில் எல்லாம் தாம் எச்சரிக்கப்போவதாகவும், பண ஆசையால் அவற்றில் இறங்க வேண்டாம் என்றும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறார். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்து உயிர்ச்சேதம் ஏற்பட்டால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஃபகீஹ்கள் இதிலிருந்து நஷ்டஈட்டுச் சட்டங்களை வகுத்தார்கள். அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே மருத்துவனின் மனத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான் ஸஹ்ராவி செய்து காட்டுகிறார்.

சூடு போடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே நம் மக்களிடம் குழப்பம் உண்டு. அறுவைப் பகுதியின் முதல் பிரிவே சூடுதான், தலையிலிருந்து கால்வரை 56 அத்தியாயங்கள். இதைக் காட்டி, பெரிய முஸ்லிம் மருத்துவரே சூடு போடச் சொல்லியிருக்கிறார் என்று யாராவது வாதம் செய்யலாம். தேன், இரத்தம் குத்தி எடுத்தல், நெருப்புச் சூடு ஆகிய மூன்றிலும் நிவாரணம் இருப்பதாகச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதே மூச்சில் தம் சமுதாயத்துக்குச் சூட்டை விரும்பவில்லை என்றும் சொன்னதாக புகாரியில் வருகிறது. அதே நபியவர்கள், அகழ்ப்போரில் அம்பு தைத்துப் பெருகிய இரத்தத்தை நிறுத்த, ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குத் தம் கையாலேயே சூடு போட்டதாக முஸ்லிமில் வருகிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்த ஹதீஸ் விளக்கவுரையாளர்கள், தேவையின்றியும் வேறு வழி இருக்கும்போதும் போடுவது வெறுக்கத்தக்கது, வேறு வழியில்லாத தேவையில் அனுமதி உண்டு என்று விளக்கினார்கள்.

ஸஹ்ராவி மருத்துவராக நின்று கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறார். மருந்துகளில் கடைசி சூடு என்பது அரபியரின் பழைய வழக்கு. பலர் இதற்கு, சூட்டுக்குப் பிறகு வேறு சிகிச்சையே இல்லை என்று பொருள் கொண்டிருந்தார்கள். அது பிழை, மற்ற சிகிச்சைகளைச் செய்து பார்த்து அவை பலிக்காதபோது வருவது சூடு என்பதே அதன் பொருள் என்று அவர் திருத்தினார். தங்கத்தால் சூடு போடுவது உயர்வு என்று சிலர் சொன்னதையும் ஏற்கவில்லை. இரும்பு எந்த அளவு காய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், தங்கத்தில் அது தெரியாது, ஆகவே இரும்பே பத்திரம் என்றார். நெருப்புக்குப் பதிலாகப் பொசுக்கும் மருந்துகளை வைப்பதைப் பற்றியும் யோசித்திருக்கிறார். நெருப்பின் வேலை வைத்த இடத்தோடு நின்றுவிடும், காரமருந்தின் தீங்கோ பக்கத்து உறுப்புகளுக்கும் தூரத்து உறுப்புகளுக்கும் பரவிவிடும் என்பது அவர் கவலை. இந்தக் கவலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும்.

ஆக, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் கழுத்திலோ வயிற்றிலோ ஊசியைக் காய்ச்சி இழுக்கிற பழக்கத்துக்கு ஹதீஸிலும் ஆதாரமில்லை, ஸஹ்ராவியிடமும் ஆதாரமில்லை.

இனி, தலையும் கழுத்தும். இங்கேதான் அவருடைய தயக்கம் நமக்கு அதிகமாகத் தெரிகிறது.

குழந்தைகளின் தலையில் நீர் சேர்வதைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். பிரசவத்தில் மருத்துவச்சி முரட்டுத்தனமாகத் தலையைப் பிடிப்பதால் வரலாம், மறைவான காரணத்தாலும் வரலாம் என்றார். ஒரு குழந்தையின் தலை நாளுக்கு நாள் பெருத்து, கடைசியில் அந்தச் சுமையால் உட்காரவே முடியாமல், நீர் கூடிக்கூடி அது இறந்துபோனதைத் தாம் பார்த்ததாகப் பதிந்திருக்கிறார். இந்த நோயோடு தாம் கண்டவர்கள் விரைவில் இறந்துவிட்டதால், இதில் கைவைக்காமல் இருப்பதையே தேர்ந்தெடுத்ததாகவும் எழுதினார். தோலுக்கும் எலும்புக்கும் இடையில் மட்டும் நீர் நிற்குமானால் என்ன செய்யலாம் என்பதைத் தனியே விவரித்தார். மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே வீக்கம்தான். நீர் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும் என்று அவர் பிரித்துக் காட்டினார்.

தொண்டையின் வெளிப்புறத்தில் வருகிற பெரிய வீக்கத்துக்கு அவர் காலத்து அரபியில் தொண்டையின் யானை என்று பெயர். பெண்களிடம் அதிகம் காணப்படுவது. அதை இரண்டு வகையாக்கினார்: இயற்கையாய் அமைந்தது, இடையில் வந்தது. இயற்கையாய் அமைந்ததற்குச் சிகிச்சை செய்ய முனையக்கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இடையில் வந்ததிலும், கொழுப்புக் கட்டி போன்ற வகை உண்டு, இரத்தக்குழாய் வீங்கியது போன்ற வகையும் உண்டு. இரண்டாவதைக் கீறுவது ஆபத்து என்றார். அப்படியானால் எதை எப்படி அறிவது? மெல்லிய கருவியை உள்ளே செலுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும், சிறியதாகவும் இரத்தக்குழாயோடு ஒட்டாததாகவும் இருந்தால் மட்டும் அதன் பையோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

நாக்கின் அடியில் தவளை போல் எழும் வீக்கத்துக்கும் இதே அணுகுமுறை. நோயாளியை வெயிலுக்கு நேராக வாயைத் திறக்கச் செய்து உற்றுப் பார்க்கச் சொல்கிறார். கருத்து, கடினமாகி, உணர்ச்சியற்று இருந்தால் தொடாதே, அது புற்று. வெளுத்து, உள்ளே நீர் இருந்தால் கொக்கியில் பிடித்துப் பிரித்தெடுக்கலாம்.

சூரிய ஒளியும் ஒரு மெல்லிய ஊசியும். அவ்வளவுதான் அவரிடம் இருந்த ஸ்கேன்.

நாம் அவரை வெறும் பயந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். அடிமைப் பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையைத் தானே அறுத்துக்கொண்டாள். அழைக்கப்பட்டு ஓடியவர், அறுக்கப்பட்ட பிராணியைப் போல அவள் மூச்சு இரைவதைக் கண்டார். புண்ணைப் பார்த்தால் இரத்தம் கொஞ்சம்தான், பெரிய குழாய் எதுவும் அறுபடவில்லை, காற்று அந்த வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. உடனே தைத்தார், மருந்திட்டார். சில நாட்களில் அவள் தேறிவிட்டாள், குரலில் கரகரப்பு மட்டும் நின்றது. மூச்சுக் குழாயைத் திறப்பது ஆபத்தானதல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான். இன்று, கழுத்துக் கட்டி மூச்சை அடைக்கிற பச்சிளங்குழந்தைக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் காப்பாற்றுகிறார்களே, அதன் பின்னால் இருக்கும் துணிச்சலுக்கு இப்படியும் ஒரு வேர் உண்டு.

இன்னொரு பெண்ணுக்குத் தொண்டைக்குள் கட்டி. கருநிறம், உணர்ச்சி குறைவு, வழி ஏறக்குறைய அடைபட்டு, இடுக்கின் வழியே மூச்சு வந்துபோனது. உண்ணவும் பருகவும் இயலவில்லை. கட்டியின் இரண்டு கிளைகள் மேலேறி மூக்குத் துவாரங்களின் வழியே எட்டிப் பார்த்தன. விட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடுவாள் என்ற நிலை. இங்கே அவர் தயங்கவில்லை. கொக்கியிட்டு இழுத்து, மூக்கிலும் தொண்டையிலும் முடிந்தமட்டும் வெட்டி எடுத்தார். மூச்சும் உணவும் வழிக்கு வந்தன. ஆனால் கட்டி மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டினார், கடைசியில் சூடிட்டார், வளர்ச்சி நின்றது. அதன்பின் அவர் அந்த ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. தமக்குப் பின் அல்லாஹ் அவளை என்ன செய்தான் என்பது தமக்குத் தெரியாது என்று எழுதி அந்தச் செய்தியை முடித்துக்கொண்டார். வெற்றிக் கதையாக அதை மாற்றிவிட அவருக்கு எத்தனை வாய்ப்பு இருந்தது! படிக்கிற மாணவன் ஏமாறக்கூடாது என்பதற்காகவே உண்மையை அப்படியே விட்டார். ஒரு ஹதீஸ் அறிவிப்பாளரின் அமானிதம் இந்த மருத்துவரின் பேனாவில் இருந்தது என்று நாம் சொன்னால் மிகையாகாது.

வெட்டிய கட்டி ஏன் மறுபடி வளர்கிறது? வெட்ட வேண்டாம் என்று அவர் விட்ட பிறவிக் கட்டிகள் யாவை? அவரால் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. உடலில் இரத்தக்குழாய்களைத் தவிர நிணநீர்க் குழாய்கள் என்று இன்னொரு வலைப்பின்னல் இருக்கிறது என்பது, 1622-இல் இத்தாலியின் காஸ்பரோ அசெல்லி ஒரு நாயின் குடலில் வெண்ணிறக் குழாய்களைக் கண்ட பிறகுதான் தெளிவாகத் தொடங்கியது. கருவில் குழந்தை உருவாகும்போது அந்த நிணநீர்க் குழாய்கள் சரியாக இணையாமல், நீர் தேங்கிய பைகளாக நின்றுவிடுவதே இப்போது நாம் பேசுகிற வீக்கங்களில் ஒரு முக்கிய வகை. மருத்துவர்கள் சிஸ்டிக் ஹைக்ரோமா என்றும், நிணநீர்க் குழாய்க் குறையமைப்பு என்றும் சொல்வார்கள். இது புற்றுநோய் அன்று. தலையிலும் கழுத்திலுமே அதிகம் வரும், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும்.

காரணம் என்னவென்றால், வளரும் கருவின் சில உயிரணுக்களில் மட்டும் ஏற்படுகிற மரபணு மாற்றம். பல குழந்தைகளிடம் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் அதைக் கண்டிருக்கிறார்கள். அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இறங்கி வருவதில்லை, கருவுற்ற பிறகு தானாக நேர்வது. தாய் சாப்பிட்டதும் நடந்ததும் வேலை செய்ததும் காரணமில்லை. கிரகணமும் காரணமில்லை. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தபோது, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அன்றே மக்களுக்கு விளக்கிவிட்டார்கள். மாமியார்களும் நாத்தனார்களும் இதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசினால், பிள்ளை பெற்ற ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவாள்.

இந்தக் கட்டியை அறுத்து எடுப்பதில் என்ன சிக்கல் என்றால், கழுத்தின் பெரிய இரத்தக்குழாய்கள், முகத்தை அசைக்கும் நரம்பு, நாக்கின் நரம்பு ஆகியவற்றின் இடையே புகுந்து பின்னிக் கிடக்கும். முழுதாக எடுக்கப்போனால் அவற்றுக்குச் சேதம் வரலாம், பாதி விட்டால் மறுபடி வரலாம். ஸஹ்ராவி அஞ்சிய அதே இடம். இதனால்தான் பல நிலையங்களில் இன்று முதல் வழியாக ஊசிச் சிகிச்சையைப் பார்க்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைப் பைக்குள் செலுத்தி, தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்து, பையின் உட்சுவரை உறுத்திச் சுருங்கி ஒட்டிக்கொள்ளச் செய்யும் மருந்தை உள்ளே விடுவார்கள். ஒரே முறையில் முடிவது குறைவு, சில வார இடைவெளியில் பலமுறை தேவைப்படலாம். பைகள் பெரியவையாக இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். மிகச் சிறிய பைகள் தேன்கூடு போல நெருங்கியிருந்தால் பலன் குறையும், நாக்கில் வருவது பெரும்பாலும் அந்த வகை.

ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மருத்துவர் ஷுஹே ஒகிதா, 1987-இல் ஓகே-432 என்ற மருந்தால் இப்படிச் சிகிச்சை அளித்ததை வெளியிட்டார். நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்தது அது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. ப்ளியோமைசின், டாக்சிசைக்ளின் ஆகியவையும் ஊசியாகப் பயன்படுகின்றன. காரமருந்தின் தீங்கு தூரத்து உறுப்புக்கும் போகும் என்று ஸஹ்ராவி கவலைப்பட்டாரே, அந்தக் கவலை இங்கும் உண்டு. ப்ளியோமைசின் அளவு கூடினால் நுரையீரலைப் பாதிக்கலாம், அதனால் எடைக்குத் தக்கபடி அளந்து, மொத்த அளவையும் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குக் கட்டி இன்னும் வீங்கும். மூச்சுவழிக்கு அருகில் இருந்தால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிவரும்.

ஊசிக்கும் அடங்காத, பரந்து கிடக்கிற கட்டிகளுக்கு சிரோலிமஸ் என்ற வாய்வழி மருந்தை இப்போது கொடுக்கிறார்கள். அது நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கக்கூடியது, அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது அது. ப்ளியோமைசினும் மண் நுண்ணுயிரிலிருந்து வந்ததே, டாக்சிசைக்ளினின் மூலமும் அப்படித்தான். நிவாரணம் இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழியை நாம் மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்த நிவாரணம் நம் காலடி மண்ணுக்குள் ஒளிந்திருந்ததைத் தேடி எடுத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அறுவை வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்கு அதுதான் சரியான வழி, சிலருக்கு ஊசியும் அறுவையும் இரண்டும் தேவை, தொந்தரவு தராத சிறு கட்டியைச் சிலருக்குச் சும்மா கவனித்து வந்தாலே போதும். எது என்பதைக் குழந்தை அறுவை மருத்துவரும், ஸ்கேன் பார்த்து ஊசி போடும் கதிரியக்க மருத்துவரும் சேர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சளி, காய்ச்சல் வந்தால் கட்டி திடீரென்று பெருக்கும், சிலசமயம் உள்ளே இரத்தம் கசிந்தும் பெருக்கும். அப்போது பிதுக்குவதும் பற்றுப் போடுவதும் கூடாது. மூச்சுத் திணறினாலோ பால் குடிக்க முடியாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை, அது சுன்னத். மருத்துவமனைக்குப் போகிற வழியிலும் ஓதலாம்.

ஸஹ்ராவியிடம் திரும்புவோம். பெண் நோயாளிகளின் மறைவிடச் சிகிச்சைக்குத் தேர்ந்த பெண் மருத்துவரைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் ஒழுக்கமுள்ள மருத்துவர் தேர்ந்த மருத்துவச்சியை வைத்து, அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்விக்க வேண்டும் என்று அவர் எழுதிய முறை தனிக்கட்டுரைக்கு உரியது. ஓர் ஊரில் ஆண்களுக்கு மட்டும் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் ஓடி இறப்பு நேர்ந்ததைக் கேட்டறிந்து பதிந்து வைத்தார். இன்று ஹீமோஃபீலியா என்று நாம் அறியும் நோயின் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று.

ஹிஜ்ரி 399-இல் குர்துபாவில் கலகம் வெடித்தது. படைகள் மாறிமாறிப் புகுந்தன, அவர் பெயரில் இருந்த ஊர் கொள்ளைபோனது. அந்தக் குழப்ப ஆண்டுகளில் அவரும் இறைவனிடம் மீண்டார். 1013 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு.

நூல் மட்டும் பயணம் செய்தது. 12-ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதன் அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். ஆல்புகாசிஸ் என்று பெயரைத் திரித்துக்கொண்டு ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகள் அவரைப் படித்தன. 14-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ த ஷோலியாக் தம் நூலில் அவரை 200 தடவைக்கு மேல் எடுத்துக்காட்டினார். 1465-இல் அமாஸ்யாவின் துருக்கிய மருத்துவர் ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு, அந்த நூலைத் தழுவித் துருக்கி மொழியில் எழுதி, சிகிச்சைக் காட்சிகளை வண்ண ஓவியங்களாகச் சேர்த்தார். அச்சு வந்ததும் வெனிஸில் அச்சானது, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலத்தோடு 1778-இல் வந்தது.

நம் நாட்டிலும் அது இருக்கிறது. பீகாரின் பாட்னாவில், கங்கைக் கரையோரம் நிற்கும் குதா பக்ஷ் நூலகத்தில் அத்தஸ்ரீஃபின் கையெழுத்துப் படி ஒன்று பாதுகாக்கப்பட்டுவருகிறது. கத்திகளும் கொக்கிகளும் சூட்டுக்கோல்களும் வரையப்பட்ட பக்கங்கள் அதில் இருக்கின்றன.